ரங்கசாமியின் கிட்னி ஃபைல்

1. ஓடிக்கொண்டிருந்த மிஷின்

ரங்கசாமி மிஷினை நிறுத்தாமலே தரையில் உட்கார்ந்துவிட்டான் என்று நிட்டிங் ரூமிலிருந்து ஆள் வந்து சொன்னபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு ஊசி முறிந்தால்கூடத் துணியில் கோடு விழும் முன் மிஷினை நிறுத்துகிறவன் அவன். நான் போய்ப் பார்த்தபோது மிஷின் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நூல் அறுந்து, துணி கிழிந்து தொங்கியது. அவன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். முகம் ஊதியிருந்தது. கால் இரண்டிலும் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

"என்னாச்சு ரங்கா?"

"ஒண்ணுமில்லீங்க பாய். மூச்சு உடத்தான் முடியலீங்க."

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். பெயர் சாகுல் அமீது. கம்பெனியில் எல்லாருக்கும் 'கிளார்க் பாய்'. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் லீவு, யார் வேலையை விட்டு நின்றார்கள் என்று மஸ்டர் ரோலில் எழுதுவது என் வேலை. தொழிலாளர் காப்பீட்டு ஆபீசுக்குப் போகிற காகிதங்களும் என் மேசையிலிருந்துதான் போகும். இன்று இதே வேலைக்குப் பெரிய பெயர்கள் வந்துவிட்டன. அந்த நாற்காலிகளில் உட்காரும் இளையவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரங்கசாமிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மனைவி மரகதம் எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தாள். அன்று மத்தியானமே இருவரையும் கூட்டிக்கொண்டு காப்பீட்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை பார்த்தார். பிறகு மரகதத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "கோயமுத்தூருக்கு எழுதித் தர்றேன். இன்னைக்கே போங்க, நாளைக்குன்னு வெச்சுக்காதீங்க" என்றார்.

கோயமுத்தூரில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். வயிற்றில் துளை போட்டு மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, ரத்தத்தில் இருந்த கழிவை வெளியே எடுத்தார்கள். வீக்கம் வற்றியது, மூச்சு சீரானது. ஆனால் பெரிய டாக்டர் என்னிடம் சொன்னது வேறு.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு. இப்ப செஞ்சது தற்காலிகம்தான். சொந்தக்காரங்க யாராவது ஒரு கிட்னி குடுத்தா, மெட்ராஸ்ல மாத்தி வைக்கிறாங்க. அது புதுசு. எல்லா ஊர்லயும் கிடையாது."

"குடுக்கலைன்னா எத்தனை நாளுங்க டாக்டர்?"

அவர் கேஸ் ஷீட்டை மூடினார். "ஃபைல் வேலையைச் சீக்கிரம் ஆரம்பிங்க" என்றார்.

2. சிவப்பு மையில் ஒரு வரி

ஃபைல் வேலை என்றால் என்ன என்று எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. காய்ச்சல், கை நசுங்கல், பிரசவம் இதற்கெல்லாம் எந்தப் படிவம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கிட்னி மாற்றுவதற்குப் படிவமே இல்லை. எங்கள் ஊர் காப்பீட்டு ஆபீசில் இருந்த இன்ஸ்பெக்டர்தான் விவரமாகச் சொன்னார். கண்டிப்பான மனிதர். கம்பெனிக்குள் அவர் நுழைந்தால் டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

"இது ஸ்பெஷல் கேஸாத்தான் போகணும். மூணு விஷயம் வேணும். ஒண்ணு, ஆள் தொடர்ந்து ரெண்டு வருஷம் வேலையில இருந்திருக்கணும். ரெண்டு, கிட்னி குடுக்கிறவங்களுக்கு எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சு, பொருந்துதுன்னு டாக்டர் எழுதணும். மூணு, மெடிக்கல் போர்டு சம்மதிக்கணும். முதல் விஷயத்திலேயே இடிக்குது பாருங்க."

எங்கள் கம்பெனி அனுப்பிய பட்டியலை என் பக்கம் திருப்பினார். ரங்கசாமி பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'வேலையை விட்டு நின்றார்' என்று எழுதியிருந்தது. ஐந்து மாதம் கழித்து, 'மீண்டும் சேர்ந்தார்'. மீண்டும் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

அது என் கையெழுத்து.

அவன் வேலையை விட்டு நிற்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் முதலாளி காங்கேயம் ரோட்டில் இரண்டாவதாக ஒரு ஷெட் போட்டார். வீட்டம்மா பெயரில் தனிக் கம்பெனி என்று பதிவு. ஆட்களை இரண்டாகப் பிரித்து, அங்கே பாதிப் பேரை மட்டும் காட்டினால், சட்டம் கேட்கும் எண்ணிக்கைக்குக் கீழே நிற்கலாம். காப்பீடு கட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பலர் செய்ததுதான். புது நிட்டிங் மிஷின்களைப் பூட்டி ஓட்டிக்காட்ட ரங்கசாமியை அங்கே அனுப்பினார்கள். "அவன் பேரை எடுத்துரு பாய்" என்றார் முதலாளி. எடுத்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அன்று மத்தியானச் சோற்றையும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். "அந்த அஞ்சு மாசம் அவர் எங்க இருந்தார்?"

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சைக்கிளைக் கம்பெனி வரை தள்ளிக்கொண்டே போனேன்.

3. முதலாளி படித்த நோட்டு

நிட்டிங் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ரோல் துணியும் மிஷினிலிருந்து இறங்கும்போது, தேதி, மிஷின் நம்பர், ரோலின் எடை இவற்றை ஒரு நோட்டில் எழுதி, ஓட்டியவன் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிற்பாடு துணியில் பழுது தெரிந்தால் எந்த மிஷின், யார் கை என்று கண்டுபிடிப்பதற்காக. இரண்டாம் ஷெட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. நான் போய்த் தேடினேன். நூல் கோன் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால், எண்ணெய்க் கறையோடு கிடைத்தது. ஐந்து மாதமும் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ரங்கசாமியின் கோணல் கையெழுத்து.

அதை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி ரூமுக்குப் போனேன். பொன்னுச்சாமிக் கவுண்டர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். குரலை உயர்த்திப் பேசமாட்டார்; உயர்த்தாத குரலுக்கே கம்பெனி நடுங்கும்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் நோட்டைத் தொடாமல் பார்த்தார்.

"இது வெளிய போச்சுன்னா ரெண்டு ஷெட்டும் ஒண்ணுதான்னு ஆயிப்போயிரும். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"கேஸ் போடுவாங்க."

"போடுவாங்க."

"அப்பறம் எதுக்குப் பாய் எங்கிட்ட வந்து கேக்கற?"

"உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னுதாங்க. நான் வேணும்னா, நானாத் தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் குடுத்தர்றேங்க. வேலைய உட்டும் நின்னுக்கறேன். நோட்டு மட்டும் போகோணும்."

இதைச் சொல்லத் துணிந்தவன் போல இப்போது எழுதுகிறேன். உண்மையில் பயந்துகொண்டேதான் சொன்னேன். வீட்டில் மூன்று பிள்ளைகள். வேறு வேலை எங்கே என்று யோசிக்காமல் வாயை விட்டுவிட்டேன்.

அவர் நோட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போனார். பிறகு, "ஏம் பாய், இவன் இந்த அஞ்சு மாசத்துல ஒரு நாள் கூட லீவு போடலையா?" என்றார்.

"கேட்டானுங்க. அக்கா பையனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில உக்கார வெக்கோணும்னு ஒரு நாள் கேட்டான். மிஷின் பூட்டற ஆளு வந்திருக்காங்க, இப்ப முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நானா?"

"ஆமாங்க. நான்தான் வந்து கேட்டேன்."

அவருக்கு நினைவில்லை. அதுதான் அவரை உலுக்கியது என்று நினைக்கிறேன். தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தை ஒரு வீட்டில் என்ன செய்தது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அந்தக் காதுகுத்துக்குப் பிறகு ரங்கசாமியின் அக்கா வீட்டில் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சொன்னேன்.

நோட்டை மூடினார். எழுந்து சட்டையை மாட்டினார். "காரை எடுக்கச் சொல்லு. நானும் வர்றேன்."

இன்ஸ்பெக்டர் முன்னால் முதலாளி நாற்காலியில்கூட உட்காரவில்லை. "பேரை எடுக்கச் சொன்னது நானுங்க. எழுதுனதுதான் பாய். பையன் ஒரு நாளும் வேலைய உட்டு நிக்கலை" என்றார்.

இன்ஸ்பெக்டர் நோட்டில் இருந்த கையெழுத்தையும் ரங்கசாமியின் பழைய படிவத்தில் இருந்த கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். "இதை நான் எடுத்துக்கிட்டா, உங்க மேல நடவடிக்கை வரும். தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?"

"வரட்டுங்க. பையன் ஃபைலு எப்பப் போகும்?"

இன்ஸ்பெக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "இன்னைக்குத் தபால்லயே போகும்."

4. சேவூர்

அடுத்தது கிட்னி யார் கொடுப்பது. ரங்கசாமிக்கு ரத்தம் ஓ குரூப். அம்மா இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் உடனே வேண்டாம் என்றுவிட்டார். தம்பி ஒருவன் இருந்தான். அவன் ரத்தம் பி குரூப், சேராது. மீதி இருந்தது அந்த அக்காதான். பெயர் சரசு. சேவூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ரங்கசாமி ஒப்புக்கொள்ளவில்லை. "வேண்டாமுங்க பாய். காதுகுத்துக்கே போகாதவன், இதுக்குப் போயி நிப்பனா?" என்றான். அவனிடம் சொல்லாமலே நானும் மரகதமும் பஸ் ஏறினோம்.

நாங்கள் போனபோது சரசுவின் வீட்டுக்காரர் முத்துச்சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மரகதத்தைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனால் கூட வேற்றாள் ஒருவன் நின்றதால், "வாங்கொ" என்று கட்டிலை இழுத்துப் போட்டார்.

நான் கிட்னியில் ஆரம்பிக்கவில்லை. "மொதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. அன்னைக்கு ரங்கசாமி காதுகுத்துக்கு வராததுக்குக் காரணம் நாங்க. கம்பெனியில உடலை. கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டான், உடலை. அவன் மேல தப்பு இல்லீங்க" என்றேன்.

முத்துச்சாமி வாளியைக் கீழே வைத்தார். "மத்தியானம் வரைக்கும் காத்திருந்தமுங்க. கடைசியில பங்காளி ஊட்டுப் பையன் மடியில உக்கார வெச்சுக் குத்தினோம். ஊரே பாத்துச்சு. ஒரு வார்த்தை சொல்லி உட்டிருக்கக் கூடாதுங்களா?"

"சொல்லி உட்டிருக்கோணும். சொல்லாதது எங்க தப்புங்க."

அதன்பிறகுதான் அவன் உடம்பு நிலையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது மரகதம் அழுதுவிட்டாள். உள்ளே இருந்து சரசு வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். "எப்பப் போகோணும்?" என்றாள், அவ்வளவுதான்.

"ஏய், இரு" என்றார் முத்துச்சாமி. என் பக்கம் திரும்பினார். "ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க. இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்றதுங்க? ஒரு கிட்னியோட தோட்டங்காட்டு வேலை செய்ய முடியுமா? நீங்க சொல்லுங்க பாய்."

நான் ரங்கசாமிக்காக வந்தவன். 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு பொய் வரி எழுதி அனுபவப்பட்டவன்.

"எனக்குத் தெரியாதுங்க. டாக்டருக்குத்தான் தெரியும். நீங்களும் கூட வாங்க. உங்க வாயாலயே கேளுங்க. டெஸ்ட் எடுத்த பிறகும், ஆபரேஷன் டேபிள் வரைக்கும் போன பிறகும், வேண்டாம்னு தோணுச்சுன்னா திரும்பி வந்தர்லாம். ஆரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க."

முத்துச்சாமி மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி. நானும் வர்றேன். எனக்குச் சரின்னு படலைன்னா கூட்டிட்டு வந்துருவேன்."

5. மெட்ராசில் பதினெட்டு நாள்

முதலாளி எனக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்து அனுப்பினார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ரங்கசாமிக்கு வாரம் இரண்டு முறை மிஷினில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். கையில் இரண்டு பிளாஸ்டிக் குழாய் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள். அந்த மிஷினைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இது ஆருங்க சர்வீஸ் பண்றாங்க?"

அக்காவும் தம்பியும் அங்கே சந்தித்துக்கொண்டது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள், "படுறா" என்றாள். தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பதினெட்டு நாளில் எடுத்த டெஸ்ட்டுகளைச் சொன்னால் இப்போதுள்ளவர்களுக்குச் சாதாரணமாக இருக்கும். எங்களுக்கு ஒவ்வொன்றும் பரீட்சை முடிவு மாதிரி. ரத்த குரூப் சேர்ந்தது. அக்கா ரத்தத்தையும் தம்பி ரத்தத்தையும் கலந்து பார்க்கிற டெஸ்ட்டில் சண்டை வரவில்லை என்றார்கள். பிறகு இன்னும் நுணுக்கமாகத் திசுப் பொருத்தம் பார்த்தார்கள். அதன் ரிசல்ட் வர ஒரு வாரம். இடையில் சரசுவின் சிறுநீரில் புரதம் தெரிகிறது என்று ஒரு நாள் டாக்டர் சொல்ல, எங்கள் எல்லாருக்கும் சோறு இறங்கவில்லை. புரதம் போனால் அவள் கிட்னியிலேயே குறை என்று அர்த்தம். அப்படியானால் கதை முடிந்தது.

அந்த டாக்டர் ஒரு பெண். வயது நாற்பது இருக்கும். கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். "பயப்படாதீங்க. சின்ன நீர்க்கடுப்பா இருக்கலாம். மருந்து குடுத்துட்டு மறுபடி பார்ப்போம்" என்றார். அவர் சொன்னது போலவே ஆறு நாள் கழித்து எடுத்தபோது சிறுநீர் சுத்தமாக இருந்தது. பின்னாலேயே திசுப் பொருத்த ரிசல்ட்டும் வந்தது. கூடப் பிறந்தவர்களிலும் எல்லாருக்கும் இப்படிப் பொருந்தாதாம். இது நல்ல பொருத்தம் என்றார்.

அதன்பிறகு சாயம் ஏற்றி எக்ஸ்ரே. சரசுவின் இரண்டு கிட்னியும் நன்றாக வேலை செய்கின்றனவா, எந்தப் பக்கத்தை எடுப்பது நல்லது என்று பார்ப்பதற்கு. முத்துச்சாமி அந்த எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, டாக்டரிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். தண்ணீர் பாய்ச்சலாமா, குழந்தை பெறலாமா, குடத்தைத் தூக்கலாமா, வயசான காலத்தில் என்னாகும். டாக்டர் தெரிந்ததைத் தெரியும் என்றார், தெரியாததைத் தெரியாது என்றார். "இப்படிக் கிட்னி குடுத்தவங்க நல்லா இருக்காங்க. ஆனா இது புதுசு. முப்பது வருஷம் கழிச்சு எப்படின்னு நான் பார்த்ததில்லை" என்றார்.

கடைசியில் டாக்டர் சரசுவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். வீட்டுக்காரர், தம்பி, நான் எல்லாரும் வெளியே. அது விதி. உள்ளே நடந்ததைப் பிறகு சரசுவின் முன்னாலேயே டாக்டர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"உங்களை யாராவது வற்புறுத்துறாங்களா? உண்மையைச் சொல்லுங்க, நான் வெளியே சொல்லமாட்டேன்னு கேட்டேன். ஆமாங்க, எல்லாரும் வற்புறுத்தறாங்க, குடுக்க வேண்டாம்னுதான், அப்படின்னாங்க."

முத்துச்சாமியும் சிரித்துவிட்டார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். "எழுதிக்குங்க டாக்டர். நான் எங்க கையெழுத்துப் போடோணும்?" என்றார்.

6. போர்டு

மெடிக்கல் போர்டு கூடியது ஒரு திங்கட்கிழமை. நீளமான மேசை. மூன்று டாக்டர்கள், பக்கத்தில் காப்பீட்டு ஆபீஸ் அதிகாரி ஒருவர். திருப்பூரிலிருந்து தபாலில் வந்த காகிதங்களும் சேர்ந்த என் ஃபைல் அவர்கள் முன் இருந்தது. மஸ்டர் ரோல் நகல், ரோல் நோட்டு, முதலாளியின் வாக்குமூலம், எல்லா டெஸ்ட் ரிசல்ட்டும் தேதி வரிசையில். ஒவ்வொன்றின் மேலும் அது என்ன என்று ஒரு வரி டைப் அடித்து ஒட்டியிருந்தேன்.

நடுவில் இருந்த டாக்டர் ஃபைலைப் புரட்டி, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் அதிகாரி சும்மா விடவில்லை.

"இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும். உடம்பு புதுக் கிட்னியை ஏத்துக்காமயும் போகலாம். இந்தத் திட்டம் வேலை செய்யற ஆளுக்காகத்தான். இவர் திரும்ப வேலைக்கு வருவார்னு என்ன உத்தரவாதம்?"

நான் முதலாளியின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவன் குணமாகி வரும்வரை இடத்தை நிரப்பமாட்டோம், எடை தூக்காத வேலை கொடுப்போம் என்று எழுதியிருந்தது. அதிகாரி படித்துவிட்டு, "இது கம்பெனி தர்ற வாக்குறுதி. உடம்பு தர்ற வாக்குறுதி இல்லையே" என்றார்.

அதற்கு என்னிடம் காகிதம் இல்லை.

சக்கர நாற்காலியில் இருந்த ரங்கசாமி மெல்லக் கையைத் தூக்கினான். "நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லுப்பா" என்றார் நடுவில் இருந்த டாக்டர்.

"நான் மிஷின் ஓட்டறவனுங்க சார். ஊசி ஒண்ணு முறிஞ்சுதுன்னா, ஊசியத்தான் மாத்துவோம். மிஷினையே தூக்கி வெளிய போட மாட்டமுங்க. மாத்துன ஊசி எத்தனை நாளைக்கு வரும்னு ஆரும் எழுதிக் குடுக்கறதில்லீங்க. ஆனா மாத்தாம உட்டா என்னாகும்னு எல்லாருக்கும் தெரியுமுங்க."

நடுவில் இருந்த டாக்டர் முன்னால் சாய்ந்தார்.

"ஊசி கையில இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்கக்கா வெளிய உக்காந்திருக்குதுங்க சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். அதிகாரியும் தலையைக் குனிந்து பேனாவைத் திறந்தார். சரசுவை உள்ளே கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார்கள். பத்து நிமிடம் எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு பியூன் வந்து ஃபைலை என்னிடம் நீட்டினான். கடைசிப் பக்கத்தில் 'சிறப்பு நிகழ்வாக அனுமதிக்கப்படுகிறது' என்று இருந்தது. கீழே நான்கு கையெழுத்து. அந்தப் பக்கத்தை மரகதம் வாங்கி, படிக்கத் தெரியாதவள், கையெழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

7. நிரம்பிய பை

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டி முடிந்தது. பக்கத்துப் பக்கத்து அறையில் அக்காவும் தம்பியும். வெளியே நானும் முத்துச்சாமியும் மரகதமும். நான் எனக்குத் தெரிந்த துவாவெல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். முத்துச்சாமி விபூதியை மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

கதவு திறந்தது. அந்தப் பெண் டாக்டர் முகமூடியைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்தார். "ரத்தக் குழாயை இணைச்ச கொஞ்ச நேரத்திலேயே சிறுநீர் வந்துடுச்சு. டேபிள்லயே வந்துடுச்சு!"

மாதக் கணக்கில் அவனுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் கண்ணாடி ஜன்னல் வழியாக எங்களைப் பார்க்க விட்டபோது, நர்ஸ் கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையைத் தூக்கிக் காட்டினார். நிரம்பியிருந்தது. ஒரு பை மூத்திரத்தைப் பார்த்து மூன்று பேர் கை தட்டினோம் என்று சொன்னால் இன்று யாராவது நம்புவார்களா? முத்துச்சாமி நர்ஸைப் பார்த்து, "இன்னொருக்காத் தூக்கிக் காட்டுங்கம்மா" என்றார்.

எல்லாம் சுலபமாகப் போய்விடவில்லை. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது, சிறுநீர் குறைந்தது. உடம்பு புதுக் கிட்னியோடு மல்லுக்கு நிற்கிறது என்றார்கள். மருந்தைக் கூட்டினார்கள். நான்கு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பை மறுபடி நிறைந்தது. சரசு அதற்குள் எழுந்து நடந்து, வார்டில் எல்லாருக்கும் தெரிந்தவளாகிவிட்டாள். ஊருக்குக் கிளம்பும்போது நர்ஸுகள் கேட் வரை வந்தார்கள்.

8. முப்பத்தொரு அட்டை

ஏழு மாதம் கழித்து ரங்கசாமி கம்பெனிக்குள் நடந்து வந்தான். மாத்திரையால் கன்னம் உப்பியிருந்தது, நிறம் தெளிந்திருந்தது. கட்டிங், தைக்கிற பவர் டேபிள், செக்கிங் எல்லாப் பக்கமும் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் சொல்லி நிறுத்தவில்லை. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஏண்டா, மிஷினெல்லாம் நிறுத்த வெச்சுட்டியே" என்றார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அவனைத் துணி செக்கிங் மேசையில் உட்கார வைத்தோம். அங்கிருந்துகொண்டே எந்த மிஷினில் எந்த ஊசி பழுது என்று துணியைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

இரண்டாம் ஷெட்டின் மேல் நடவடிக்கை வந்தது. முதலாளி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பாக்கியையும் அபராதத்தையும் கட்டி முடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அங்க இருக்கற அத்தனை பேரையும் எழுது பாய். ஒருத்தரையும் உடாதே" என்றார். முப்பத்தொரு பேர். மஸ்டர் ரோலில் புதுப் பக்கம் திறந்து, நீல மையில் ஒவ்வொரு பெயராக எழுதினேன். நான் அந்த வேலையில் இருந்த வருடங்களிலேயே சந்தோஷமாக எழுதிய பக்கம் அதுதான்.

காப்பீட்டு அட்டை வந்த அன்று ஷெட்டில் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தேன். பிசிர் வெட்டுகிற ஒரு அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எதுக்குங்க பாய்? சம்பளத்துலதான் புடிப்பீங்களாட்ட இருக்குது" என்றாள்.

எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருவன், "அட, ரங்கசாமி அண்ணனுக்கு உசுரு குடுத்த அட்டை அதுங்கொ. பத்தரமா வெய்யிங்க" என்றான். அந்த அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டைம் ஆபீசில் உட்காரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நாம் ஒரு பெயரை எழுதும்போதும் அடிக்கும்போதும் அந்த மனிதர் நம் முன்னால் இருப்பதில்லை; அதனால் கை லேசாக ஓடிவிடும். மேலே இருப்பவர் சொன்னார் என்பது காரணம் ஆகாது. சொன்னவருக்கு மறந்துபோகும், எழுதியது நிற்கும். தப்பாக எழுதியிருந்தால், வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். திருத்துவதற்கு எழுந்து போங்கள். படிவத்தை மட்டும் அனுப்பாமல், ஆளோடு கூடவே போங்கள். நான் போனேன். அவன் நடந்து திரும்பி வந்தான்.